இடது காலுக்கு வேலையில்லாத ஜீப்

ஜூன் ஏழாம் தேதி காலை, எங்கள் பாலைவனச் சோலை ஊரான பவீத்தியில் கெய்ரோ பேருந்தில் என்னை ஏற்றிவிட வந்த அண்ணன் ரஷ்வானிடம் நான் சொல்லாதது இது: உன் இடது செருப்பின் நுனி தேய்ந்திருக்கிறது.

வலது செருப்பு முழுசாக இருந்தது. நோன்புப் பெருநாளுக்கு நான்தான் அந்த ஜோடியைக் கெய்ரோவிலிருந்து வாங்கிப் போயிருந்தேன். நான்கு மாதம்கூட ஆகவில்லை. இடதின் முன்பக்கம் மட்டும் உப்புத்தாளில் தேய்த்ததுபோல் நூல் தெரியக் கிடந்தது. ஆப்ரிகாட் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பேருந்துப் படியேறும்போது அந்தப் பாதம் விளிம்பில் இடித்தது. "எவன்டா இந்தப் படியை வச்சவன்" என்று திட்டினான். நான் செருப்பைப் பார்ப்பதை அவன் பார்த்தான்.

"வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்குப் போண்ணா" என்றேன். 

நேராகக் கேட்டால் ரஷ்வான் பொய் சொல்வான். சொன்ன பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றவும் செய்வான். அப்பா இறந்தபோது, அழுதாயா என்று கேட்டேன். கண்ணில் மணல் என்றான். ஒரு வாரம் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு திரிந்தான்.

நான் கெய்ரோவில் ஒரு கல்லூரி நூலகத்தில் அட்டவணை எழுதுகிறேன். அத்தை வீட்டில் இருக்கிறேன். அண்ணன் பவீத்தியில் ஹாஜ் சனூசியின் ஐந்து ஜீப்புகளோடு சேர்ந்து தன் ஜீப்பில் வெளிநாட்டுக்காரர்களை வெள்ளைப் பாலைவனத்துக்குக் கூட்டிப்போகிறவன். ஆறு வண்டிகளும் வரிசையாகப் போகும். கடைசி வண்டிக்கு வால் என்று பெயர். முன்னால் எது புதைந்தாலும் வால்காரன் இறங்கித் தோண்டுவான், கட்டி இழுப்பான். வால் புதைந்தால் இழுக்கப் பின்னால் யாரும் இல்லை. அதனால் யாருடைய உதவியும் தேவைப்படாதவனுக்குத்தான் வாலைக் கொடுப்பார்கள். ஏழு வருடமாக அது ரஷ்வானுக்கு.

எங்கள் கடிதங்கள் தபாலில் போகவில்லை. பேருந்து ஓட்டுநர் பயூமியின் தலைக்கு மேலிருக்கும் பெட்டியில் போய்வந்தன. அந்த ஆண்டின் கடிதங்களை வரிசைப்படி இங்கே வைக்கிறேன்.


பவீத்தி, 19 ஜூன் 1996

தங்கச்சி நஜ்லாவுக்கு ஸலாம்.

நான் நல்லா இருக்கேன். உன் அண்ணி ஸனிய்யா நல்லா இருக்கா. ஆடு ரெண்டும் நல்லா இருக்கு. உன் உடம்பு எப்படி? அத்தையோட முழங்கால் எப்படி?

விஷயத்துக்கு வர்றேன். ஜீப்போட கியர்பாக்ஸ் போச்சு. மூணாவது கியர் போட்டா தானா நழுவி வெளிய வருது. இந்தத் தடவை அதைச் சரி பண்ணாம ஆட்டோமேட்டிக் போட்டுடலாம்னு இருக்கேன். சிரிக்காதே. ஆட்டோமேட்டிக் ஓட்டுறவன் சோஃபா ஓட்டுறவன்னு நான்தான் சொன்னேன், ஞாபகம் இருக்கு. இப்ப வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்கு வண்டி கொஞ்சம் குலுங்கினாலே வயித்தைக் கலக்குது. அவங்களுக்காகத்தான்.

தவ்ஃபீகிய்யா தெருவுல, பழைய பார்ட்ஸ் விக்கிற பெரிய மெக்கானிக், உஸ்தா வஹ்பா கடைன்னு கேளு, எல்லாருக்கும் தெரியும். நம்ம ஜீப்போட எஞ்சினுக்குச் சேர்ற ஆட்டோமேட்டிக் அவன்கிட்ட கிடக்கும். அதுக்குப் பின்னால மாட்டுற டிரான்ஸ்ஃபர் எது நல்லதுன்னும் கேட்டுச் சொல்லு. டிரான்ஸ்ஃபர்னா கியர்பாக்ஸ் முதுகுல குடம் மாதிரி தொங்குமே, எஞ்சின் குடுக்கிறதை வாங்கி முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பங்கு போடுமே, அது. நீ இங்கிலீஷ் புஸ்தகம் படிக்கிறவ. உன்னை ஏமாத்த முடியாது.

அக்டோபர்ல சீசன். சனூசி ஹாஜ் இந்த வருஷமும் வாலை எனக்குத்தான் சொல்லியிருக்கார்.

உன் அண்ணன்
ரஷ்வான்


கெய்ரோ, 27 ஜூன் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ஒன்றுமில்லை. அத்தையின் முழங்கால் அவள் பேச்சைக் கேட்பதில்லை. அவள் மருத்துவர் பேச்சைக் கேட்பதில்லை. உனக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள்.

தவ்ஃபீகிய்யாவுக்குப் பெண்கள் பழம் வாங்கத்தான் வருவார்கள் போலிருக்கிறது. நான் பழக்கடைகளைத் தாண்டி நடந்ததும் தெருவே திரும்பிப் பார்த்தது. உஸ்தா வஹ்பா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, கண்ணாடியா? முகம் பார்க்குற கண்ணாடியா, பின்னால பார்க்குற கண்ணாடியா?"

"டிரான்ஸ்ஃபர் கேஸ்" என்றேன்.

தேநீர் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "ரஷ்வான் தங்கச்சியா நீ? அதானே. அதே திமிரு."

பிறகு மேசையிலேயே பாடம் நடத்தினார். தேநீர் கோப்பை கியர்பாக்ஸ். அதையொட்டிச் சர்க்கரைக் கிண்ணம், அது டிரான்ஸ்ஃபர். கிண்ணத்திலிருந்து முன்பக்கம் நீளும் கரண்டி முன் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட். உன் ஜீப்பில் அந்தக் கரண்டி வலப்பக்கம் போகிறது. அவரிடம் இருக்கும் ஆட்டோமேட்டிக் புதிய ஜீப்பிலிருந்து கழற்றியது. அதோடு வரும் டிரான்ஸ்ஃபரில் கரண்டி இடப்பக்கம். அதைப் போட்டால் முன் அச்சையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஷாஃப்ட் ஒரு பக்கம், அச்சு ஒரு பக்கம், "கோவிச்சுக்கிட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி" என்றார்.

இரண்டு வழி. ஒன்று, உன்னுடைய பழைய இரும்பு டிரான்ஸ்ஃபரையே புதிய கியர்பாக்ஸில் மாட்டுவது; துளைகள் நேராக வராது, நடுவில் ஒரு தகடு கடைந்து வைக்க வேண்டும். இரண்டு, புதியதை அச்சோடு வாங்குவது; அலுமினியம், எடை பாதி, உள்ளே பற்சக்கரத்துக்குப் பதில் சங்கிலி. எது வேண்டும் என்று எழுது.

பயூமியிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். செருப்பு. பெருநாளுக்கு வாங்கியது அவ்வளவு நல்ல தோல் இல்லை என்று தோன்றியது.

அன்புடன்
நஜ்லா


பவீத்தி, 10 ஜூலை 1996

தங்கச்சிக்கு ஸலாம். எல்லாரும் நலம். செருப்பு சரியா இருக்கு. உன் கை நல்லா இருக்கட்டும்.

புதுசே வேணும், அச்சோட. அந்த ஜீப்பை நான் பார்த்திருக்கேன். அதுல முன் சக்கரம் வேலை செய்யணும்னா உட்கார்ந்த இடத்துலயே லீவரை இழுத்தா போதும். நம்மளதுல ஒவ்வொரு தடவையும் கீழ இறங்கி, வலது சக்கரத்து நடுவுல இருக்கிற பூட்டைத் திருகி, சுத்திப் போய் இடதைத் திருகி, திரும்ப ஏறணும். மணல்ல இறங்கி ஏறி இறங்கி ஏறி, நேரம்தான் வீண். அந்தப் பழைய இரும்பைப் பார்த்தாலே எனக்குப் பிடிக்கலை இப்பல்லாம். எடைக்குப் போட்டுடலாம்.

வஹ்பாகிட்ட எடுத்து வைக்கச் சொல்லு.

ஸனிய்யா ஆப்ரிகாட் காய வச்சிருக்கா. அடுத்த பஸ்ல வரும்.

ரஷ்வான்


கெய்ரோ, 18 ஜூலை 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். ஆப்ரிகாட் வந்தது, பாதியை அத்தை ஒளித்துவைத்திருக்கிறாள், எங்கே என்று எனக்குத் தெரியும்.

உஸ்தா வஹ்பாவிடம் உன் முடிவைச் சொன்னேன். காதைச் சொறிந்தார்.

"அவன் இன்னும் வால்தானே?"

"ஆமாம்."

"அப்ப கேளு, லைப்ரரி அம்மா. சங்கிலி நல்லதுதான். சத்தமில்லை, எடையில்லை. தார் ரோட்டுல போறவனுக்கு அது மெத்தை. ஆனா வால்காரன் என்ன பண்றான்? கழுத்து வரைக்கும் புதைஞ்சவனை வெடுக்குனு இழுக்குறான். வெடுக்குனு இழுத்தா சங்கிலி நீளும். நீண்டா ஒருநாள் பல்லு விட்டுத் தாண்டும். எங்க தாண்டும்? பின்னால யாருமே இல்லாத இடத்துல தாண்டும். இரும்புல பல்லோட பல்லு. அது கத்தும், உறுமும், சாகாது. சங்கிலி கேக்குறான்னா ஒண்ணு அவனுக்கு வால் போச்சு, இல்ல வேற என்னவோ இருக்கு. என்ன விஷயம்?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

ஆகவே சங்கிலியை எடுத்துவைக்க மட்டும் சொல்லியிருக்கிறேன். யோசித்து எழுது. அவசரமில்லை.

அன்புடன்
நஜ்லா


இந்தக் கடிதத்தின் முதல் பிரதியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: "மணலில் இறங்கிப் பூட்டைத் திருகுவது உன் வேலையிலேயே உனக்குப் பிடித்த பகுதி அல்லவா?" அதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். ஆறு வயதில் நான் முன் இருக்கையில் உட்கார்ந்திருக்க, அவன் இறங்கிப் போய்ச் சக்கரத்தின் முன் குந்தி உட்கார்ந்து, பூட்டைத் திருகிவிட்டு, ஜீப்பின் நெற்றியில் ஒரு தட்டு தட்டிவிட்டு வருவான். இறங்காத வண்டி வேண்டும் என்று கேட்கிற ஆள் அவன் இல்லை.

ஐந்து வாரம் பதில் இல்லை. ஒவ்வொரு செவ்வாயும் பேருந்து நிலையத்துக்குப் போனேன். "உங்க அண்ணன் கைக்கு என்ன, சுளுக்கா?" என்று பயூமி கேட்டார்.


பவீத்தி, 22 ஆகஸ்ட் 1996

நாத்தனார் நஜ்லாவுக்கு, ஸனிய்யா எழுதுறேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நாங்க நல்லா இருக்கோம்னுதான் எழுதணும், இல்லையா. அவர் எழுதச் சொல்லலை, எழுதாதேன்னு சத்தியம் வாங்கினார். சத்தியத்தை மீறுறதுக்குப் பரிகாரமா மூணு நாள் நோன்பு வச்சுட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

மார்ச்ல அவர் ஜீப்புக்கு அடியில படுத்து அந்த இரும்பு டிரான்ஸ்ஃபரைத் தனியா கழட்டினார். எண்ணெய் ஒழுகுதுன்னு. யாரையாவது கூப்பிடுங்கன்னு சொன்னேன், "இதுக்கு ஆள் கூப்பிட்டா ஊர் சிரிக்கும்"னார். அது அவர் நெஞ்சு மேல வந்து உட்கார்ந்துச்சு. புரட்டிப் பக்கத்துல தள்ளும்போது இடுப்புல என்னவோ மளுக்குன்னுச்சாம். ரெண்டு நாள் படுத்திருந்தார். ஊருக்கெல்லாம் காய்ச்சல்னு சொன்னோம். முதுகு வலி போச்சு, ஆனா இடது பாதம் மேல தூக்க மாட்டேங்குது. நடந்தா தரையில தப்புன்னு அடிக்குது. கிளட்ச் மேல காலைத் தூக்கி வைக்கணும்னா கையால முழங்காலைப் பிடிச்சுத் தூக்குறார். அதான் கிளட்சே இல்லாத ஆட்டோமேட்டிக் கேக்குறார்.

இப்ப பழைய டயர் டியூப்ல ஒரு பட்டை வெட்டி, செருப்பு நுனியில ஒரு முனை, கணுக்கால்ல ஒரு முனை கட்டி, ஜலாபிய்யா அங்கியை இறக்கி மறைச்சுக்கிறார். மெக்கானிக் மூளை. நீ அனுப்பின செருப்புலயும் இடது நுனி போச்சு.

சனூசி ஹாஜுக்குத் தெரிஞ்சா வரிசை நடுவுல போட்டுடுவாராம், புதுப் பசங்களோட. அதுக்கு வீட்லயே இருந்துடலாங்கிறார். டாக்டர்னு சொன்னா எழுந்து வெளிய போயிடறார்.

நான் சொன்னேன்னு சொல்லாதே. ஆனா ஏதாவது பண்ணு. நீ படிச்சவ.

உன் அண்ணி
ஸனிய்யா


எங்கள் நூலகத்தில் மருத்துவப் புத்தகங்கள் மூன்றாவது மாடியில் இருக்கின்றன. இரண்டு மதியங்கள் அங்கே இருந்தேன். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் பிதுங்கிய வட்டு ஒரு நரம்பை அழுத்தினால் பாதம் தொங்கும். அழுத்தத்தை எடுத்துவிட்டால் நரம்பு திரும்ப உயிர்க்கலாம். எத்தனை மாதத்துக்குள் என்பதில்தான் புத்தகங்கள் ஒத்துப்போகவில்லை. எல்லாமே சீக்கிரம் என்ற ஒன்றை மட்டும் சொல்லின. நான் மார்ச்சிலிருந்து விரல்விட்டு எண்ணினேன்.


கெய்ரோ, 29 ஆகஸ்ட் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன்னிடமிருந்து தகவல் இல்லை. அறுவடை வேலையாக இருப்பாய். நாங்கள் சுகம்.

ஒரு சிக்கல். இந்த ஆட்டோமேட்டிக்கின் பின்முனைத் தண்டு இரண்டு விதமாக வருகிறதாம். ஒன்றில் இருபத்தொரு பற்கள், மற்றதில் இருபத்து மூன்று. டிரான்ஸ்ஃபரின் வாய்க்குள் எத்தனை பற்களோ அத்தனைதான் இதிலும் இருக்க வேண்டும். உஸ்தாவிடம் மூன்று பெட்டிகள் இருக்கின்றன. எது எதுவென்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. தவிர, வண்டிக்காரன் கையாலேயே தண்டை ஆட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்கிறார். நீ ஒருமுறை கெய்ரோவுக்கு வந்துவிட்டுப் போனால் எல்லாம் முடிந்துவிடும். அத்தையும் உன்னைப் பார்த்து ஒரு வருடம் ஆகிறது.

செப்டம்பர் பாதிவரைதான் எடுத்துவைப்பாராம்.

அன்புடன்
நஜ்லா


பற்களை நானே எண்ணியிருந்தேன். இருபத்து மூன்று. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.


பவீத்தி, 5 செப்டம்பர் 1996

படிப்பாளித் தங்கச்சிக்கு ஸலாம். நாங்க நலம்.

பல் எண்ணுறதுக்கு நான் அஞ்சு மணி நேரம் பஸ்ல வரணுமா? ஒரு சாக்பீஸ் எடு. ஒரு பல் மேல கோடு போடு. அங்கிருந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா எண்ணு. கோடு திரும்ப வந்ததும் நிறுத்து. வஹ்பாவுக்கு வயசாகி எண்ணிக்கை மறந்து போச்சுன்னா, லைப்ரரியில இருபத்து மூணு வரைக்கும் எண்ணத் தெரிஞ்ச யாரையாவது கூட்டிட்டுப் போ.

இருபத்து மூணு இருக்கிறதை எடுத்து, புது டிரான்ஸ்ஃபர், புது அச்சு எல்லாத்தையும் லாரியில ஏத்தி விடு. அத்தைக்கு ஸலாம். சீசன் முடிஞ்சு வர்றேன்னு சொல்லு.

ரஷ்வான்


இதைப் படித்துச் சிரித்தேன், பிறகு நூலகத்தின் பின்வாசலில் நின்று அழுதேன். மறுநாள் உஸ்தா வஹ்பாவின் கடைக்குப் போய், அவர் முன்பு கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். டியூப் பட்டை வரை எல்லாவற்றையும். யாரிடமும் எங்கள் வீட்டு விஷயம் பேசாதவள் நான். ஒரு பழைய இரும்புக் கடையில், கிரீஸ் டப்பாக்களுக்கு நடுவே, அவ்வளவையும் சொன்னேன். அவர் கைக் கிரீஸைத் துணியில் துடைத்தார். பிறகு, "பேனா குடு" என்றார்.


கெய்ரோ, 11 செப்டம்பர் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸலாம். எண்ணிவிட்டேன். இருபத்து மூன்றுதான். ஆனால் உஸ்தா அனுப்ப மறுக்கிறார். காரணத்தை அவரே எழுதுகிறேன் என்றார். இதே தாளின் பின்பக்கம் பார்.

நஜ்லா


ரஷ்வான்,

வஹ்பா எழுதுறேன். ஸலாம். சங்கிலி டிரான்ஸ்ஃபர் உனக்குத் தர மாட்டேன். வேற எவனுக்காவது வித்துடுவேன். உன் பழைய இரும்பைக் கொண்டா. கியர்பாக்ஸுக்கும் அதுக்கும் நடுவுல தகடு கடையணும், அளவு என் கையால எடுக்கணும். லெட்டர்ல அளவு எடுக்க முடியாது.

இன்னொண்ணு. அதைத் தனியா கழட்டாதே. எழுபத்தொன்பதுல நான் தனியா கழட்டினேன், ஒரு லாரியோடது. இடுப்புல மளுக்குன்னுச்சு. அப்புறம் ஒரு பாதம் செத்த மீன் மாதிரி தொங்குச்சு. யார்கிட்டயும் சொல்லலை. என் பொண்டாட்டி சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட விட்டா. முதுகுல வெட்டினாங்க. கால் வந்துச்சு, முழுசா இல்லை, ஆனா வந்துச்சு. என் கூட்டாளி ஜிர்ஜிஸுக்கும் அதே மாதிரி. அவன் ரெண்டு வருஷம் கழிச்சுப் போனான். நல்ல மெக்கானிக். இப்ப உட்கார்ந்த இடத்துல கார்புரேட்டர் துடைக்கிறான்.

இதை எதுக்கு எழுதுறேன்னா, தனியா கழட்டாதேன்னு சொல்லத்தான். வேற எதுக்கும் இல்லை.

வஹ்பா


பவீத்தி, 24 செப்டம்பர் 1996

நஜ்லா,

சனிக்கிழமை பஸ்ல வர்றேன். இரும்பும் கூட வருது.

நாலு பேர் சேர்ந்து கழட்டினோம். சனூசி ஹாஜ் ஒரு முனையைப் பிடிச்சார். இறக்கி வச்சுட்டு என் காலைப் பார்த்தார். டியூப் பட்டை தெரிஞ்சுது. மறைக்கலை. "எத்தனை மாசமா?"ன்னார். சொன்னேன். "கழுதை"ன்னார். அவ்வளவுதான். வாலைப் பத்தி அவரும் பேசலை, நானும் கேக்கலை.

ஜூன்ல பஸ் ஸ்டாண்டுல நீ என் செருப்பைப் பார்த்தே. நீ பார்க்கறதை நான் பார்த்தேன். பஸ் போற வரைக்கும் நின்னுக்கிட்டு, இப்ப கேப்பா இப்ப கேப்பான்னு பொய்யெல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன். மூணு பொய். நல்ல பொய்ங்க. நீ கேக்கவே இல்லை. ஒண்ணைக்கூட உபயோகிக்க முடியலை.

ஸனிய்யா உனக்கு எழுதினதை என்கிட்ட சொல்லிட்டா. உன்னைத் திட்டலை. அவளையும் திட்டலை.

எனக்குப் பயமா இருக்கு. இதை அத்தைகிட்ட சொல்லாதே.

அண்ணன்


அக்டோபர் மூன்றாம் தேதி அறுவை நடந்தது. மருத்துவர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. ஏழு மாதம் என்று கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார். மருத்துவமனையிலிருந்து அத்தை வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் உஸ்தா வஹ்பா, கடைந்த தகட்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தார். அண்ணன் கட்டிலில் படுத்தபடி அதை விரலால் தடவினான்.

"சங்கிலியை வித்துட்டியா?" என்றான்.

"இல்லை. அன்னைக்கு உன்னை வரவைக்கிறதுக்குச் சொன்னேன். இப்ப நிஜமாவே கேக்குறேன், நீயே சொல்லு. சங்கிலின்னா இறங்க வேண்டாம். இரும்புன்னா இறங்கணும். உன் காலு, உன் வண்டி."

அண்ணன் போர்வைக்கு வெளியே நீண்டிருந்த இடது பாதத்தையே பார்த்தான். நாங்களும் பார்த்தோம். பெருவிரல் அசைந்ததா, போர்வை அசைந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

"தகடு நல்லா வந்திருக்கு. இதை வீணாக்கக் கூடாது" என்றான்.


பவீத்தி, 16 டிசம்பர் 1996

தங்கச்சி நஜ்லாவுக்கு ஸலாம்.

நாங்க நலம், இந்தத் தடவை நிஜமாவே. உன் இருமல் எப்படி? புழுதிப் புஸ்தகங்களை மோந்து பார்க்கறதை நிறுத்து. அத்தைக்குப் பேரீச்சை அனுப்பியிருக்கேன், ஒளிச்சு வைக்க வசதியா ரெண்டு பொட்டலமா.

போன வாரம் முதல் பயணம் போனேன். ஆட்டோமேட்டிக் நல்லா இருக்கு. சோஃபாதான். இடது காலுக்கு ஒரு வேலையும் இல்லை, ஜமீன்தார் மாதிரி ஒரு ஓரமா உட்கார்ந்திருக்கு. பின்னால இரும்பு கத்துது. வெளிநாட்டுக்கார அம்மா ஒருத்தி, "என்ன சத்தம்?"னு கேட்டா. "பல்லோட பல்லு"ன்னேன். அவளுக்குப் புரியலை, எனக்குப் புரிஞ்சுது.

காலையில கறுப்பு மலைக்கிட்ட ஒரே ஒரு தடவை இறங்குறேன். வலதைத் திருகி, சுத்திப் போய் இடதைத் திருகி, ஏறிக்கிறேன். சாயங்காலம் வரைக்கும் அப்படியே விட்டுடறேன். நேரம் ஆகுது. யாரும் ஹாரன் அடிக்கிறதில்லை. பெருவிரல் தூக்குது. மத்தது நாலும் யோசிக்குது.

நான் இப்ப வரிசையில நாலாவது. எனக்கு முன்னாலயும் புதுப் பையன், பின்னாலயும் புதுப் பையன். வாலை சனூசி ஹாஜோட மருமகன் ஓட்டுறான். ஹாஜ் சொன்னார்: "வால் உன் பேர்லதான் இருக்கு. வாடகைக்கு விட்டிருக்கேன்." சிரிச்சேன். அன்னைக்கு முழுக்க யார்கூடவும் பேசலை.

நீ கேக்காததுக்கும் நான் பதில் எழுதிடறேன். சங்கிலியை எடுத்திருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். ஆனா அதைப் போட்டுட்டா அப்புறம் நானே வாலைக் கேக்க முடியாது. இரும்பு இருக்கிற வரைக்கும் கேக்கலாம். அதான்.

செருப்பு எட்டாம் நம்பர். தோல் கெட்டியா பார்த்து வாங்கு.

உன் அண்ணன்
ரஷ்வான்


அவன் கால் முழுசாக வரவில்லை. கிளட்சை மிதிக்கும் அளவுக்கு எப்போதும் வரவில்லை; நடக்கும் அளவுக்கு வந்தது. இரண்டு குளிர்காலம் நாலாவது வண்டியாகப் போனான். தொண்ணூற்றெட்டு அக்டோபரில் சனூசியின் மருமகன் ஃபராஃப்ரா என்ற ஊருக்குக் குடிபோனான். வால் ரஷ்வானுக்குத் திரும்ப வந்தது. இரும்பு டிரான்ஸ்ஃபர் இன்னும் அந்த ஜீப்பில்தான் இருக்கிறது. நான் வருடத்துக்கு இரண்டு ஜோடி செருப்பு அனுப்புகிறேன். இடதுதான் முதலில் தேய்கிறது. எந்த மாதம் தேய்ந்தது என்பதை இப்போது அவனே எழுதிவிடுகிறான்.